உறுதிமொழிப் படிவத்தோடு வரும் கனவானுக்கு

விவசாயமும் வெப்ப வாயுக்களும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையின் சாரத்தை, எழுதியவர் மனம் கோணாதபடி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் மின்சாரம், எரிபொருளுக்கு அடுத்தபடியாக அதிக வாயு விடுவது விவசாயம். அதில் முதல் குற்றவாளி மாடு, இரண்டாவது நெல் வயல். 2021இல் கிளாஸ்கோவில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள், 2030க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைப்போம் என்று கையெழுத்துப் போட்டன, இந்தியா நழுவிவிட்டது. அரசு நழுவினால் ஊர்களாவது முன்வர வேண்டும். கனகம்மாசத்திரம் போன்ற ஊர்களின் கிராம சபைகளில் ‘மீத்தேன் உறுதிமொழி’ எடுக்கலாம். வயலைக் காயவிட்டு நெல் பயிரிட்டால் கார்பன் கிரெடிட்டில் காசும் வரும். இவ்வளவு நல்லதுக்கும் குறுக்கே நிற்பது ஒன்றே ஒன்றுதான்: மாற்றம் என்றாலே முகம் சுளிக்கும் விவசாயியின் மனப்பான்மை.

கட்டுரையாளர் ஊர்ப் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறார். அதற்கு நன்றி. அவர் சரியாகச் சொன்ன மற்றவற்றையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மீத்தேன் பொல்லாத வாயுதான். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போல 27 மடங்கு சூடேற்றும். இருபதாண்டுக் கணக்கில் பார்த்தால் 80 மடங்கு. நீர் தேங்கிய சேற்றுக்குள் காற்று புகாது. காற்றில்லாத அந்தச் சேற்றில் மட்கும் தாளையும் வேரையும் தின்னும் நுண்ணுயிர்கள் மீத்தேனை விடுகின்றன. நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றுக் குழல்களே அதற்குப் புகைபோக்கி. இதில் எனக்கு வழக்கில்லை. இந்த அறிவியலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு யார் வீட்டுக் கதவை முதலில் தட்டுவது என்பதில்தான் வழக்கு.

“கனகம்மாசத்திரத்துக் குறுவை வயல்கள்” என்று எழுதுகிறார். சென்னையிலிருந்து திருப்பதி போகும் சாலையில், திருவள்ளூரைத் தாண்டி, திருத்தணிக்கு முன்னால் வருகிற ஊர் இது. இங்கே சொர்ணவாரி உண்டு, சம்பா உண்டு, நவரை உண்டு, குறுவை கிடையாது. அது காவிரிக்காரர்களின் பருவம். சின்னப் பிழைதானே என்று விட்டுவிடலாம், அவருடைய மொத்தக் கணக்கும் அந்தப் பிழையின் மேல் உட்கார்ந்திராவிட்டால். வாய்க்காலில் மாதக்கணக்கில் நீர் ஓடிக்கொண்டிருக்கும் கழனியும், மழை பெய்தால் ஏரி, பெய்யாவிட்டால் போர்க்கிணறு என்று காலம் தள்ளும் கழனியும் மீத்தேன் விஷயத்தில் ஒரே சாதி அல்ல. இந்திய வயல்களில் அளந்து எடுத்த எண்களையே சொல்கிறேன்; 2007ஆம் ஆண்டுக்கான நாட்டின் வாயுக் கணக்காக 2010இல் மத்திய அரசு வெளியிட்ட அறிக்கை இவற்றை வைத்துத்தான் போடப்பட்டது. போகம் முழுக்க நீர் தேங்கிக் கிடந்தால் ஹெக்டேருக்கு 162 கிலோ மீத்தேன். நடுவில் ஒருமுறை காய்ந்தால் 66 கிலோ. பலமுறை காய்ந்து நனைந்தால் 18 கிலோ. ஒன்பது மடங்கு வித்தியாசம். கட்டுரையாளர் முதல் எண்ணை எடுத்து மூன்றாவது ரக வயலின் தலையில் கட்டுகிறார்.

இப்படித் தூரத்திலிருந்து எண்ணை ஏற்றிக் கட்டுவதற்கு ஒரு பரம்பரையே உண்டு. 1990 வாக்கில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் விடுகின்றன என்று மதிப்பிட்டது. அதற்கு ஆதாரம் மேலை நாட்டு வயல்களில் எடுத்த அளவுகள். அவற்றை இந்தியாவின் நெல் பரப்பால் பெருக்கினார்கள், முடிந்தது வேலை. புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா இதைச் சும்மா விடவில்லை. 1991இல் நாட்டின் பல பகுதிகளில் ஆய்வாளர்களைக் கழனியில் இறக்கி, பெட்டி கவிழ்த்து, வாயுவைப் பிடித்து அளக்க வைத்தார். வந்த விடை 40 லட்சம் டன்னைச் சுற்றி நின்றது. மதிப்பீட்டில் ஒன்பதில் எட்டுப் பங்கு காற்றோடு போயிற்று. அதே ஆண்டில்தான் அறிவியல் சுற்றுச்சூழல் மையத்தின் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், ஏழையின் சோற்றுப் பானைக்கு வரும் வாயுவையும் பணக்காரரின் இரண்டாவது காருக்கு வரும் வாயுவையும் ஒரே தராசில் போடுகிறாயா என்று வாஷிங்டனில் இருந்த உலக வள ஆய்வு நிறுவனத்தைக் கேட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நம் கட்டுரையாளர் இதையெல்லாம் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை. கேள்விப்பட்டிருந்தால், 1990இல் வாஷிங்டன் செய்த தவற்றை இன்று தமிழில் செய்திருக்க மாட்டார்.

“இரண்டாவது குற்றவாளி நெல் வயல்” என்பதும் தவறு. 2016ஆம் ஆண்டுக்கு இந்தியா ஐ.நா.வுக்குக் கொடுத்த கணக்கில், விவசாயத்தின் வாயுவில் மாட்டின் அசைபோடல் 54.6 சதவீதம், உரம் போட்ட மண் 19.1, நெல் 17.5. இரண்டாவது இடம் உர மூட்டைக்கு. அதை ஏன் விட்டார் என்பதற்குப் பிறகு வருகிறேன். நாட்டின் மொத்த வாயுவில் விவசாயம் 14 சதவீதம், அதில் நெல் 17.5 என்றால், பெருக்கிப் பாருங்கள்: நூற்றுக்கு இரண்டரை. நாட்டுக்கே சோறு போடும் பயிரின் பங்கு அவ்வளவுதான். எரிசக்தியின் பங்கு நூற்றுக்கு எழுபத்தைந்து.

எரிசக்தி என்றதும் டெல்லிவரை போக வேண்டாம். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் நாங்கள் இருக்கிறோம். கிழக்கு ஓரத்தில், மீஞ்சூர் பக்கம், வள்ளூர் அனல்மின் நிலையம் இருக்கிறது. தலா 500 மெகாவாட்டில் மூன்று அலகுகள். பக்கத்திலேயே அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம். வள்ளூரில் ஒரே ஒரு அலகு ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 5 லட்சம் யூனிட் மின்சாரம் வரும். ஒரு யூனிட்டுக்கு 900 கிராம் கரியமில வாயு என்று குறைத்தே வைத்தாலும் 450 டன். கழனிக்கு வருவோம். போகம் முழுக்க நீர் தேங்கிய ஓர் ஏக்கரில் சுமார் 65 கிலோ மீத்தேன். 27ஆல் பெருக்கினால் ஒன்றே முக்கால் டன். அப்படிப்பட்ட 250 ஏக்கர் நாலு மாதம் விடுவதை அந்த அலகு ஒரு மணி நேரத்தில் விடுகிறது. காய்ந்து நனையும் எங்கள் ரகக் கழனி என்றால் 2,000 ஏக்கருக்கு மேல் வேண்டும். மாவட்டத்தில் யாரிடமாவது உறுதிமொழி வாங்கியே தீர வேண்டும் என்ற ஆவல் கட்டுரையாளருக்கு இருந்தால் கிழக்கே போகும் பேருந்து நிறைய இருக்கிறது.

இதற்கு அவர் பக்கத்தில் ஒரு நல்ல பதில் உண்டு. அவர் அதை அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார். முழுதாக நானே சொல்கிறேன். கரியமில வாயு நூற்றாண்டுகள் தங்கும். மீத்தேனில் பெரும்பகுதி பன்னிரண்டு ஆண்டுகளில் கரைந்துவிடும். அதனால் மீத்தேனைக் குறைத்தால் பலன் நம் ஆயுளுக்குள்ளேயே தெரியும். மறுக்க முடியாத வாதம். ஆனால் இந்த வாதத்தின்படி நடப்பவர் எங்கே போக வேண்டும்? உலகில் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுத் தொழில் விடும் மீத்தேன் ஆண்டுக்குச் சுமார் 12 கோடி டன் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. கசியும் குழாயை அடைத்து, வீணாகும் வாயுவைப் பிடித்து விற்றாலே அதில் ஏறத்தாழ 40 சதவீதத்தைக் கைக்காசு போகாமல் நிறுத்தலாம் என்று 2024இல் கணக்கிட்டதும் அதே முகமைதான். இந்தியாவின் மொத்த நெல் வயல்களும் 2007 கணக்கில் விட்டது 33 லட்சம் டன். கைக்காசே வேண்டாத இடத்தில் தொடங்காமல், கைக்காசே இல்லாத ஆளிடம் தொடங்குவதற்கு என்ன பெயர் வைப்பது?

இனி அவர் எங்களுக்குக் கற்றுத்தர வந்திருக்கும் பாடத்துக்கு வருவோம். வயலைக் காயவிட்டு, பிறகு நீர் கட்ட வேண்டும். துளையிட்ட குழாயைச் சேற்றில் புதைத்து, நீர் மட்டம் 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பிறகு பாய்ச்ச வேண்டும். பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை, நல்ல முறை. ஆனால் காய்ச்சலும் பாய்ச்சலும் என்பது எங்கள் அப்பன் பாட்டன் வாயில் இருந்த பேச்சு. நீர் மறைய நீர் கட்டு என்று வேளாண் துறைக்காரர்கள் செம்மை நெல் சாகுபடிக் கூட்டங்களில் எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். பதினான்கு நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, சதுர நடவு, கோனோ வீடர் எல்லாம் இங்கே வந்தன. அதில் எது நின்றது, எது நிற்கவில்லை, ஏன் என்று விசாரிப்பதற்குக் கட்டுரையாளருக்கு நேரமில்லை. விவசாயியின் மனப்பான்மை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

நீர் கட்டி வைப்பதற்குக் காரணம் சோம்பல் இல்லை. முதல் காரணம் களை. இரண்டு அங்குலம் நீர் நின்றால் கோரையும் புல்லும் தலை தூக்காது. கூலியில்லாமல் களை எடுக்கும் ஆள் அந்தத் தண்ணீர்தான். காயவிட்ட மறுவாரம் களை கிளம்பும்; அதை எடுக்க ஆள் வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைப் பேருந்து ஊர் ஊராக வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் காலத்தில் களை எடுக்க ஆள் எங்கே என்று கழனி வைத்திருக்கும் யாரையும் கேட்டுப் பாருங்கள். ஆள் இல்லாவிட்டால் களைக்கொல்லி. அதன் செலவு, அதன் நஞ்சு, அதைத் தயாரிக்க எரித்த எரிபொருள் எல்லாம் அவர் கணக்கில் எந்த வரியில் வருகிறது? வரவில்லை.

இரண்டாவது காரணம் ஏரிப் பாசனத்தின் அமைப்பு. மடை திறந்தால் தலைமடைக் கழனியில் விழும் நீர், அது நிரம்பி வழிந்து அடுத்ததுக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததுக்கு என்று பாய்கிற ஆயக்கட்டுகள் நிறைய. தனித்தனிக் கால்வாய் கிடையாது. கடைமடைக்காரனுக்கு நீர் வேண்டும் என்றால் தலைமடைக்காரன் கழனி நனைந்தே தீரும். நான் மட்டும் காயப்போடுகிறேன் என்று வரப்பை அடைத்தால் மீத்தேன் குறைகிறதோ இல்லையோ, ஊரில் ஒரு காவல் நிலையப் புகார் கூடும். இதற்குத் தீர்வு உண்டு: கழனிக்குக் கழனி வாய்க்கால் வெட்டிக் கொடுப்பது, ஏரியைத் தூர் வாருவது, மதகைப் பழுது பார்ப்பது. அவை பொதுப்பணம் செலவழிக்க வேண்டிய பொதுக் காரியங்கள். கிராம சபையில் கை தூக்குவதால் மதகு சரியாகாது.

மூன்றாவதுதான் வேடிக்கை. போர்க்கிணறு வைத்திருப்பவன் தன் இஷ்டத்துக்குக் காயவிடலாமே என்று தோன்றும். 1990இலிருந்து தமிழ்நாட்டில் எல்லா விவசாயிக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசம். கொடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதற்காகத் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மும்முனை மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று நம்பி உட்கார முடியாத ஊர்களில் விவசாயி என்ன செய்கிறான்? ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குகிறான். நடு இரவில் மின்சாரம் வந்தால் மோட்டார் தானாக ஓடும். கழனிக்கு அன்று நீர் வேண்டுமா வேண்டாமா என்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாது. நாளைக்கு வரும் என்ற நிச்சயம் இல்லாதவன் இன்றைக்குக் கிடைத்ததைக் கட்டித்தான் வைப்பான். பகலில் குறித்த நேரத்துக்கு ஆறு மணி நேரம் மும்முனை மின்சாரம் உறுதி என்று எழுதிக் கொடுத்தால், ஒரு உறுதிமொழியும் இல்லாமலே பாதி மோட்டார்கள் பாதி நேரம் நின்றுவிடும். அப்போது உறுதிமொழி எடுக்க வேண்டியவர் மின்வாரியத்தில் இருக்கிறார். அவரிடம் படிவம் நீட்டக் கட்டுரையாளருக்குத் தைரியம் உண்டா?

காயவிட்டால் எல்லாம் நலம் என்று சொல்லிவிடவும் முடியாது. வயல் காயும்போது மீத்தேன் குறையும், நைட்ரஸ் ஆக்சைடு ஏறும். அது கரியமில வாயுவைப் போல 273 மடங்கு. என்விரான்மென்டல் டிஃபென்ஸ் ஃபண்ட் என்ற அமெரிக்க அமைப்பின் ஆய்வாளர்கள் தென்னிந்திய வயல்களிலேயே அளந்து 2018இல் வெளியிட்ட முடிவு, கடுமையாகக் காயவிட்டு யூரியாவையும் அள்ளிப் போட்ட வயலில் இந்த வாயு எதிர்பார்த்ததைவிட மிக அதிகம் என்றது. மீத்தேனில் பிடித்த மிச்சத்தை அது விழுங்கிவிடலாம். அந்த ஆய்வை மறுத்த நெல் விஞ்ஞானிகளும் உண்டு. தகராறு தீரவில்லை என்றாலும் ஒன்று நிச்சயம்: நீரையும் தழைச்சத்தையும் சேர்த்துக் கையாளாமல் ‘காயவிடு’ என்று மட்டும் சொல்வது அரை வைத்தியம். தழைச்சத்து என்றால் யூரியா. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. டிஏபி 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய். இந்த விலையை வைத்தது கனகம்மாசத்திரத்து விவசாயி இல்லை. ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் உர மானியம் கொடுத்து, அதில் யூரியாவை மட்டும் மண்ணுக்குச் சமமான விலையில் வைத்து, பிறகு ஏன் யூரியாவையே போடுகிறாய் என்று கேட்பது டெல்லியின் வழக்கம். கட்டுரையாளர் உர மூட்டையை ஏன் தாண்டிப் போனார் என்பது இப்போது புரிகிறதா? அதைத் தொட்டால் விரல் விவசாயியை விட்டு வேறு பக்கம் திரும்பிவிடும்.

கார்பன் கிரெடிட்டில் காசு வரும் என்கிறாரே, அதையும் எண்ணிப் பார்ப்போம். ஏக்கருக்கு 65 கிலோ விட்ட வயல் 7 கிலோவுக்கு இறங்கிவிட்டது என்று மிக மிகத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 58 கிலோ. கரியமில வாயுக் கணக்கில் சுமார் 1.57 டன். டன்னுக்கு 10 டாலர், டாலருக்கு 85 ரூபாய் என்றால் ஏக்கருக்கு ஒரு போகத்துக்கு 1,300 ரூபாய் சொச்சம். 2025–26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 336 ரூபாய். அதாவது நான்கு நாள் கூலி. இது முழுத்தொகை. திட்டம் நடத்தும் நிறுவனம், செயலியில் படம் பிடிக்கும் பையன், சரிபார்க்க வரும் தணிக்கையாளர், பதிவு செய்யும் அமைப்பு எல்லோரும் தங்கள் பங்கை எடுத்த பிறகு விவசாயி கைக்கு வருவதில் ஒரு களையெடுப்பு நாளைக்கூட ஓட்ட முடியாது.

இன்னொரு கூத்தும் உண்டு. ‘முன்பு தேக்கினாய், இப்போது காயவிடுகிறாய்’ என்றால்தான் கிரெடிட். மின்சாரம் இல்லாமலோ தண்ணீர் இல்லாமலோ முப்பது வருடமாகக் காயவிட்டுக்கொண்டே இருப்பவனுக்கு ஒரு பைசா கிடையாது. அவன் புதிதாக எதையும் குறைக்கவில்லையாம். குடிகாரன் குடியை விட்டால் பரிசு, குடிக்காதவனுக்குப் பட்டை நாமம். மின்சாரம் வந்த இரவில் நிரம்பினாலும் வராத நாட்களில் காய்ந்துவிடும் எங்கள் பக்கத்துப் போர்க்கிணற்றுக் கழனிகளில் பெரும்பாலானவை குடிக்காதவன் வரிசையில்தான் இருக்கின்றன.

அந்தக் கிரெடிட்டை வாங்குவது யார்? எண்ணெய் நிறுவனம், விமான நிறுவனம், பெரிய தொழிற்சாலை. இங்கே குறைந்த ஒரு டன்னைக் காட்டி அங்கே ஒரு டன்னை விடுவார்கள். பூமிக்கு நிகர லாபம் பூஜ்யம். அதுவும் இங்கே உண்மையிலேயே குறைந்திருந்தால். 2024 ஆகஸ்டில் வெர்ரா என்ற அமெரிக்கப் பதிவு அமைப்பு, சீனாவில் நெல் வயல் மீத்தேனைக் குறைத்ததாகச் சொன்ன 37 திட்டங்களைத் தகுதியில்லை என்று தள்ளியது. அவற்றில் பத்தோடு ஷெல் எண்ணெய் நிறுவனத்துக்குத் தொடர்பு இருந்தது. லட்சக்கணக்கில் கிரெடிட்டுகள் கணக்கில் ஏறிய பிறகுதான் இது நடந்தது. கட்டுரையாளர் எங்களை ஏற்றிவிடப் பார்க்கும் வண்டி இதுதான்.

மாட்டுக்கு வருவோம். “இந்தியாவின் ஒரு லிட்டர் பால் அமெரிக்கப் பாலைவிட மூன்று மடங்கு வாயு விடுகிறது, இரண்டு மாடு வைத்திருக்கும் வீடுகள் போய்ப் பெரும் பண்ணைகள் வர வேண்டும்” என்கிறார். எண் பொய்யில்லை. ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் கணக்கிலும் தெற்காசியப் பாலுக்கும் வட அமெரிக்கப் பாலுக்கும் ஏறத்தாழ அந்த இடைவெளி இருக்கிறது. லிட்டருக்கு எவ்வளவு என்று கேட்டால் எங்கள் மாடு தோற்கும். மனிதருக்கு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். எல்லா வாயுவையும் சேர்த்து ஓர் இந்தியருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3 டன், ஓர் அமெரிக்கருக்கு 17 டன்னைச் சுற்றி. எங்கள் மாடு தின்பது வைக்கோல், கடலைக்கொடி, கரும்புத் தோகை, தவிடு. காட்டை அழித்துச் சோயா விதைத்து அதற்குப் போடுவதில்லை. அந்த வைக்கோலை மாடு தின்னாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கப் பஞ்சாபுக்கு அக்டோபர் மாதம் போனால் போதும், புகை வழி காட்டும். சாணி கழனிக்கு எருவாகிறது; எரு விழுந்த இடத்தில் யூரியா அவ்வளவு குறைகிறது. காலையும் மாலையும் சொசைட்டியில் பால் ஊற்றி, அந்தக் காசை வீட்டில் இருக்கும் அம்மா கையில் வைத்திருப்பதால் எத்தனை பிள்ளைகள் படித்தன என்பதற்கு வாயுக் கணக்கில் கட்டமே இல்லை. நல்ல தீவனம், நல்ல சினை ஊசி, ஊருக்கு ஒரு கால்நடை மருத்துவர் கொடுங்கள். அதே மாடு கூடுதல் பால் கறக்கும், லிட்டருக்கான வாயு தானாக இறங்கும். மாட்டை விரட்டிவிட்டுப் பண்ணை வைப்பது வேறு ஆசை.

அந்தப் பெரும் பண்ணைக்காரர்களின் உறுதிமொழி எந்த லட்சணத்தில் இருக்கிறது? உலகின் மிகப்பெரிய இறைச்சி நிறுவனம் பிரேசிலின் ஜேபிஎஸ். 2040க்குள் நிகர வாயு பூஜ்யம் என்று 2021இல் விளம்பரம் செய்தது. 2024 பிப்ரவரியில், இது வாடிக்கையாளரை ஏமாற்றும் விளம்பரம் என்று நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் லெடீஷியா ஜேம்ஸ் வழக்குப் போட்டார். நாட்டின் வாயுவில் பாதி விவசாயத்திலிருந்து வரும் நியூசிலாந்து, மாட்டு ஏப்பத்துக்குக் கட்டணம் என்று 2022இல் அறிவித்தது. ஆட்சி மாறியதும் அதைக் கைகழுவியது. டென்மார்க் மட்டும் 2030 முதல் கால்நடை வாயுவுக்கு டன்னுக்கு 300 குரோனர் வரி போட முடிவு செய்திருக்கிறது. அதிலும் அறுபது சதவீதம் கழிவு. ஐரோப்பியப் பண்ணைக்காரரிடம் இத்தனை பதவிசாக, கழிவு கொடுத்து, காலக்கெடு கொடுத்துப் பேசும் உலகம், ஒன்றரை ஏக்கர்க்காரரிடம் கிராம சபையில் கையெழுத்து கேட்கிறது.

என்னை டெல்லியின் வக்கீல் என்று நினைத்துவிட வேண்டாம். விவசாயத்தின் மீத்தேன் பிழைப்புக்கானது, சொகுசுக்கானது அல்ல என்று நாடாளுமன்றத்தில் மத்திய அரசு சொன்னது. வாசகம் சரி. ஆனால் அந்த வாசகத்தை எங்கள் பெயரில் சொல்லிவிட்டு ஏரி மதகை அப்படியே விட்டுவைப்பதும், யூரியா விலையைத் தொடாமல் இருப்பதும், எங்களைக் கேடயமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிலக்கரிக்குப் புதிய ஏலம் விடுவதும் எங்களுக்குச் செய்யும் உபகாரம் ஆகாது. மழை தவறி, வெயில் கூடி முதலில் நெல் பதராவது எங்கள் கழனியில்தான்.

சென்னையில் இருக்கும் வாசகருக்கும் ஒன்று. எங்கள் கழனியில் மீத்தேன் விட்டு விளைந்த அரிசி, கல்யாண மண்டப இலையிலும் குளிர்சாதனப் பெட்டியின் மூலையிலும் வீணாகி, கொடுங்கையூர்க் குப்பை மேட்டில் மட்கி இரண்டாம் முறையும் மீத்தேன் விடுகிறது. 2022இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன், அதில் அறுபது சதவீதம் வீடுகளில் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம். வார்டு சபைகளில் உறுதிமொழி எடுக்கலாம் என்ற யோசனை கட்டுரையாளருக்கு ஏனோ தோன்றவில்லை.

கடைசியாக அந்த மனப்பான்மை. நெல்லை விட்டுச் சிறுதானியத்துக்கு மாற விவசாயிக்கு மனமில்லை என்கிறார். எங்கள் பக்கத்து மண் பார்க்காத மாற்றமா? கேழ்வரகும் கம்பும் இருந்த மேட்டு நிலத்தில் கடலை வந்தது. திருவாலங்காட்டில் கூட்டுறவு சர்க்கரை ஆலை வந்ததும் கரும்பு வந்தது; கரும்புப் பணத்துக்குக் காத்திருந்து அலுத்தவர்கள் அதை விட்டார்கள். பூ வாங்க ஆள் வந்தபோது பூ வந்தது, மா வந்தது. பக்கத்து ஆந்திராவில் பிறந்த பாபட்லா நெல் ரகம் எந்தப் பிரச்சாரமும் இல்லாமல் எல்லை தாண்டி வந்து எங்கள் கழனியில் உட்கார்ந்துகொண்டது. வாங்க ஆள் இருக்கும் பயிருக்கு மாற யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியிருந்ததில்லை. நெல்லுக்கு ஆள் இருக்கிறார்: அரசு. 2025–26 பருவத்தில் ஊக்கத்தொகையும் சேர்த்துச் சாதா ரகம் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய் என்று நேரடிக் கொள்முதல் நிலையத்தில் எடை போட்டு வங்கிக் கணக்கில் போட்டது. அதே பருவத்தில் கேழ்வரகுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை 4,886 ரூபாய். பார்க்க நெல்லைவிட அழகான எண். ஆனால் தமிழ்நாட்டில் அரசு கேழ்வரகு வாங்கத் தொடங்கியதே தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், அதுவும் சில ஆண்டுகளுக்கு முன்புதான். நெல்லை நிறுக்கும் அதே எடைமேடையில், அதே மாதத்தில், அறிவித்த விலைக்கு மூட்டை தட்டாமல் கேழ்வரகையும் எங்கள் பக்கம் வாங்கட்டும். இரண்டு நவரை போனதும் கட்டுரையாளர் ஒருமுறை இறங்கி வந்து, எத்தனை ஏக்கர் மாறியிருக்கிறது என்று தாமே எண்ணிக்கொள்ளலாம்.